நாப்பது செகண்டுக்கு மேல

3 நவம்பர், திங்கள்

இல்ல தாயி, அது நடக்காது. மனசு சரியில்லாதவங்களப் பாக்க ஆஸ்பத்திரியில இருந்து வாரவிய, நீங்க பாட்டுக்கு ஸ்கூட்டியில ஏறிப் போயிட்டிய, பாதிச் சண்டையோட நிக்கேன் நான். மிச்சத்த யாருகிட்டச் சொல்ல? அதான் நீங்க குடுத்த நோட்டுலயே சொல்லுதேன். போட்டோவக் காட்டுங்க ஐயா, பழச நெனப்பு மூட்டுங்க, மெதுவாக் கேளுங்க, கிண்டல் பண்ணாதீங்கன்னு சொன்னிய. அந்தக் கடசி வார்த்தையிலதான் சண்டையே. கிண்டல் பண்ணாம நான் அவருகிட்ட என்னத்தப் பேச? அவரு எனக்கு மச்சான், எங்க அக்கா புருசன். கல்யாணத்தன்னைக்கே அவரு செருப்புல ஒத்தச் செருப்ப ஒளிச்சு வச்சவன் நான். அம்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாள் நாங்க மரியாதையாப் பேசுனது கெடையாது. இப்பப் போயி, "மச்சான், இந்தப் படத்துல இருக்கது யாருன்னு தெரியுதா"ன்னு மெதுவாக் கேட்டா, நமக்கு ஏதோ பெரிய சீக்குன்னு பயந்து இன்னும் நல்லா இழுத்துப் போத்திப் படுத்துக்கிடுவாரு.

நோட்டு நல்ல நோட்டு. கோடு போட்டிருக்கு. ஆறாப்புக்குப் பெறவு நான் கோடு போட்ட நோட்டுல எழுதுனதில்ல. அவரு என்ன பேசுதாருன்னு அன்னன்னைக்கு எழுதச் சொன்னிய. இன்னைக்கு ஒண்ணும் பேசல. எழுதியாச்சு.

நீங்க வெளியூரு, அதனால சொல்லுதேன். மச்சான் ஆவுடையப்பன் முனிசிபாலிட்டியில சங்கு ஊதுனவரு. ஆபீஸ் மாடிக்கும் மேல ஒரு சின்ன ரூம்பு, அதுக்கு மேல பெரிய சைரன். காலையில அஞ்சு, ஒம்பது, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி எட்டு. ஊருக்கே அதுதான் கடியாரம். மில்லு ஷிப்டு, பள்ளிக்கூடம், கடை தெறப்பு, எல்லாம் அவரு கையில. நான் வெள்ளைப்பாண்டி, பஸ்டாண்டுல நாப்பது வருசம் "மதுர மதுர மதுர"ன்னு ஆள் கூப்புட்டவன். ஊருல சத்தமா இருந்தவங்க நாங்க ரெண்டு பேருதான். அஞ்சு மணிச் சங்கு மட்டும் நிக்கவே நிக்காது, ஈனுத எருமை மாதிரி கத்திக்கிட்டே கெடக்கும். நான் எந்திரிச்சு லைட்டப் போட்டாத்தான் நிக்கும். வெள்ளைப்பாண்டி எந்திரிச்சிட்டான்னு தெரிஞ்சா சங்குக்கே பயம்வேன்னு டீக்கடையில சொல்லிச் சிரிப்பேன்.

அந்த மனுசன் இப்பம் வாயத் தெறக்க மாட்டங்காரு. ஆகஸ்டுல கோமதி அக்கா போயிச் சேந்தா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கட்டில்ல படுத்தவருதான், பாத்துக்கிட நானும் இங்கயே வந்துட்டேன். கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனா கக்கூசுக்கு வாராரு, திரும்ப வந்து படுத்துக்கிடுதாரு. காலுல ஒண்ணும் கோளாறு இல்ல, மனசுலதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பிடியே கெடந்தா முதுகு புண்ணாயிரும், நெஞ்சுல சளி கட்டிரும்னும் சொன்னாரு. ஓசூர்ல இருக்க மக அமுதவல்லி முப்பதாம் தேதி வாரா. அதுக்குள்ள எந்திரிக்கலன்னா, கோயம்புத்தூர்ல படுத்த படுக்கையா இருக்கவங்களப் பாத்துக்கிடுத ஹோமுல சேத்துருவேன்னு சொல்லிட்டா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது. அப்பன் சாகக் கூடாதுன்னுதான் சொல்லுதா.

எனக்கு இருக்கது இருவத்தியேழு நாள்.

4 நவம்பர், செவ்வாய்

உங்க முறைப்படியே செஞ்சேன். கல்யாண போட்டோவக் காட்டுனேன். மெதுவாக் கேட்டேன். எனக்கே என் கொரல் வேற யாரோ பேசுத மாதிரி இருந்துச்சு. மச்சான் போட்டோவப் பாக்கல, என்னத்தான் பாத்தாரு. இவனுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தாரு.

கஞ்சி அர டம்ளர்.

6 நவம்பர், வியாழன்

தாயி, அவசரமா எழுதுதேன். எழுத்து கோணலா இருந்தா அதான்.

ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலையோட எடுத்த போட்டோவ எடுத்தேன். மெதுவாக் கேக்க எனக்குப் பொறும போயிட்டு. "பாத்தீரா மச்சான், முப்பத்தி ரெண்டு வருசம் காலையில நாலரைக்கு ஊதி ஊரக் கெடுத்ததுக்கு மால போட்டிருக்கானுவ"ன்னேன். சும்மா வாயில வந்துச்சு. நாலரைன்னு எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

"அஞ்சு."

மூணு மாசம் ஆச்சு தாயி அந்தக் கொரலக் கேட்டு. துருப்பிடிச்ச கேட்டத் தெறந்த மாதிரி இருந்துச்சு. கஞ்சி டம்ளர் கையில இருந்து நழுவி அவரு வேட்டியில ஊத்திட்டு. சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. ஆனா சொன்னாருல்ல. அஞ்சு.

வேட்டி அலசிப் போட்டேன். வெயிலே இல்ல, எங்க காய.

7 நவம்பர், வெள்ளி

கண்டுபிடிச்சிட்டேன். ஞாவகம் இருக்கான்னு கேட்டா மச்சான் பேச மாட்டாரு. தப்பாச் சொன்னாப் பொறுக்க மாட்டாரு. முப்பத்தி ரெண்டு வருசம் ஒரு நிமிசம் பிந்தாம ஊதுனவரு. தப்பு காதுல விழுந்தா, உள்ள இருந்து ஒண்ணு எந்திரிச்சு வருது.

பட்டன அமுக்குவீரே மச்சான்னேன். "கைப்பிடி"ன்னாரு. ரெண்டு நிமிசம் ஊதுவீரேன்னேன். "நாப்பது செகண்டு. ரூலு."

நாலு வார்த்த. எண்ணிப் பாத்தேன்.

9 நவம்பர், ஞாயிறு

இன்னைக்குப் பொய்யி மேல பொய்யி. கூச்சமே இல்லாமச் சொன்னேன். சைரன் பச்ச பெயிண்டுன்னேன், செவப்புன்னாரு. அந்த ரூம்புக்கு லிப்டு இருந்துச்சேன்னேன். தலையத் தூக்கியே பாத்தாரு என்ன. நாப்பத்தியெட்டு இரும்புப் படி, மழ பேஞ்சா வழுக்கும், இதெல்லாம் தெரியாமத்தான் இந்த ஊருல இருந்தியான்னு கேட்டாரு. பெறவு அவராவே சொல்ல ஆரம்பிச்சாரு. கைப்பிடிய அழுத்துன ஒடனே சத்தம் வராதாம். அடியில இருந்து மெல்ல ஏறுமாம், வயித்துல இருந்து ஏறுத மாதிரி. விட்டாலும் ஒடனே நிக்காதாம், எறங்கி எறங்கி அடங்குமாம். காது மூணு நேரமும் ரெண்டு மணி நேரத்துக்கு ரீங்காரம் போடுமாம்.

நாலு நேரமும்னு சொல்லும் மச்சான், கணக்குல தப்பு வரக் கூடாதுன்னேன். அதுக்கு மட்டும் கண்ண மூடிக்கிட்டாரு.

ஏழு நிமிசம் பேசியிருக்காரு. ஏழு நிமிசம்! பழசெல்லாம் அந்த நெஞ்சுக்குள்ள அப்பிடியே அடுக்கி வச்சிருக்கு தாயி, படி எண்ணிக்க மொதக்கொண்டு. கட்டில்ல கெடக்கது ஒரு கெழவன்தான்னு நெனச்சேன். உள்ள ஒரு முனிசிபாலிட்டியே இருக்கு.

10 நவம்பர், திங்கள்

நீங்க வந்தப்ப முகத்தச் சுழிச்சிய. பொய் சொல்லக் கூடாது ஐயா, குழம்பிப் போவாங்கன்னிய. அவரு குழம்பல தாயி, எனக்கு வாத்தியாரு வேல பாக்காருன்னேன். நீங்க அவரு பக்கத்துல உக்காந்து அர மணி நேரம் சும்மாவே இருந்திய. ஒரு கேள்வி கேக்கல. கெளம்பும்போது வாசல்ல வச்சுச் சொன்னியளே, அத மறக்காம இருக்க எழுதி வைக்கேன்.

"நீங்க செய்யுறது சரின்னு நான் சொல்ல மாட்டேன் ஐயா. நிறுத்துங்கன்னும் சொல்ல மாட்டேன். எதுல விளையாடக் கூடாதுன்னு மட்டும் பாத்துக்கோங்க."

சரி சரின்னு தலையாட்டுனேன். புரிஞ்ச மாதிரி.

12 நவம்பர், புதன்

தண்ணி வந்துச்சு. ஆறு நாளைக்குப் பெறவு. எட்டுக் கொடம், ரெண்டு வாளி.

13 நவம்பர், வியாழன்

தப்புப் பண்ணிட்டேன்.

எல்லாப் பொய்யும் தீந்து போயி அக்காவ இழுத்தேன். இது பொய்யின்னுகூட நெனச்சுச் சொல்லல, நெசம்னே நெனச்சுச் சொன்னேன். "எங்க அக்காவுக்கு ஒம்ம சங்குன்னா பயம், ஊதுனா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அடுப்படியில ஒளிஞ்சுக்கிடுவா, பாவம் ஒம்மளக் கட்டி காலம் பூரா பயந்தே செத்தா"ன்னு சிரிச்சேன். அவ எதுக்குத்தான் பயப்படல? பஸ்ஸுல தனியாப் போவப் பயம், ரேசன் கடையில கேள்வி கேக்கப் பயம், கடைக்குப் போறதுக்குக்கூட மச்சான்கிட்டக் கேட்டுட்டுத்தான் போவா.

மச்சான் மொகம் செத்துப் போச்சு. சுவத்தப் பாத்துத் திரும்பிட்டாரு. மத்தியானம் கஞ்சி வேண்டாம்னுட்டாரு. சாயந்தரமும் வேண்டாம்னுட்டாரு.

14 நவம்பர், வெள்ளி

பேசல.

15 நவம்பர், சனி

பேசல. சங்கு நீலக் கலருன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் பேசல. அமுதவல்லி போன் பண்ணுனா. அப்பா எப்பிடி மாமான்னு கேட்டா. நல்லாப் பேசுதாரும்மான்னேன். குடு மாமா நான் பேசுதேன்னா. தூங்குதாருன்னேன். இந்தப் பொய்யத் திருத்த ஆளில்ல.

17 நவம்பர், திங்கள்

உங்ககிட்ட நடந்ததச் சொன்னேன் தாயி. திட்டுவியன்னு பாத்தேன், திட்டல. அவருகிட்ட இன்னும் சொல்லாத ஒண்ணு இருக்கு போலன்னிய. தோண்டாதீங்க, பக்கத்துல மட்டும் இருங்கன்னிய. நாப்பது வருசம் கத்திப் பொழச்சவன சும்மா இருன்னு சொல்லுதது, மீன தண்ணிய விட்டு எந்திரின்னு சொல்லுத மாதிரி. பரவாயில்ல. இருக்கேன்.

18 நவம்பர், செவ்வாய்

அவரு பேசல. நானும் பேசல. மழ.

19 நவம்பர், புதன்

அதே. பருப்புத் தொவையல் அரச்சேன். ரெண்டு உருண்ட சாப்பிட்டாரு. பேசாம இருந்தா இந்த வீட்டுல என்னென்ன சத்தம் கேக்குது தெரியுமா? ஓடு சொட்டுது. மீட்டர் பெட்டி முனங்குது. மச்சான் மூச்சு விடுதாரு. நானும் விடுதேன்.

20 நவம்பர், வியாழன்

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சாரு. முடிச்சப்ப விளக்கு வைக்கிற நேரம். நான் ஒரு வார்த்த குறுக்க பேசல, சத்தியமா. பேச முடியல.

"அவ பயப்படல வெள்ள."

இதச் சொல்லிட்டுப் போர்வைய வெலக்கிவிட்டாரு. பெறவு சொன்னாரு. எழுவத்தொம்பதுல அவருக்கு டைபாய்டு வந்துச்சு. அது எனக்கும் ஞாவகம் இருக்கு, நான் ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். அப்ப வேல நெரந்தரமாகல. நாலு நாள் சேந்தாப்புல சங்கு ஊதலன்னா வேற ஆளப் போட்டிருவான். மச்சானுக்குக் காய்ச்சல்ல நெனப்பே இல்ல. மொத நாள் காலையில அவருக்குக் காதுல அஞ்சு மணிச் சங்கு கேட்டுச்சாம். நாம இங்க கெடக்கோம், சங்கு எப்பிடி ஊதுதுன்னு நெனச்சாராம். செத்துப் போயி வேற ஒருத்தன வேலைக்குப் போட்டாச்சு போலன்னு நெனச்சாராம்.

எங்க அக்கா ஊதியிருக்கா தாயி.

சேலைக்கு மேல அவரு காக்கிச் சட்டையப் போட்டு, தலையில துண்டக் கட்டி, இருட்டோட போயி, நாப்பத்தியெட்டுப் படி ஏறி. வாட்ச்மேன் சுடலை தூக்கத்துல பாத்துட்டு, "என்ன ஆவுடையப்பா, காய்ச்சல்ல ரொம்ப மெலிஞ்சுட்ட"ன்னானாம். நாலு நேரமும் அப்பிடித்தான், பகல்லயும். மொத நாள் ஒரு மணிச் சங்குக்கே சுடலைக்குத் தெரிஞ்சு போச்சாம். ஆனா அவன் வாயத் தெறக்கல. நாப்பத்தி ரெண்டு நாள்.

ரேசன் கடையில கேள்வி கேக்கப் பயந்தவ.

பெரிய விசயமே இனிமேத்தான். மச்சான் தேறி எந்திரிச்ச மொத நாள், நாலரைக்குச் சட்டையத் தேடுனாராம். சட்டைய அவ போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கா, சாவி கையில. "ஒம்பது, ஒண்ணு, எட்டு ஒங்களோடது. அஞ்சு எனக்கு"ன்னாளாம். வாழ்க்கையில அவ அவருகிட்ட ஒண்ணு கேட்டது அதுதானாம். சேல கேட்டதில்ல, நக கேட்டதில்ல. அஞ்சு மணியக் கேட்டா.

எதுக்குட்டின்னு கேட்டிருக்காரு. மேல போயி நின்னா ஊரு பூரா இருட்டா இருக்கு, நான் கைப்பிடிய அழுத்துனதும் அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு வெளக்கு எரிய ஆரம்பிக்கி, நாந்தான் ஒவ்வொரு வீடாப் பத்த வைக்கேன்னு தோணுதுன்னாளாம்.

இருவத்தஞ்சு வருசம். இவரு ரிட்டயர் ஆகுத வரைக்கும். இந்த ஊரு எந்திரிச்சதெல்லாம் எங்க அக்கா எழுப்பி. மில்லுக்காரன், பால்காரன், சேர்மன், இன்ஸ்பெக்டர், எல்லாரையும். யாருக்கும் தெரியாது. கூடப் பொறந்த எனக்கே தெரியாது.

மச்சான் அந்தக் காக்கிச் சட்டைய இன்னும் பெட்டியில வச்சிருக்காருன்னு சொன்னாரு. எடுத்துக் காட்டவான்னு கேட்டேன். வேண்டாம்னாரு.

21 நவம்பர், வெள்ளி

முனிசிபாலிட்டி முன்னால போயி நின்னேன். அறுவது வருசமாப் பாக்குத கட்டடம். சங்க நிறுத்தி இருவது வருசம் ஆவப் போவுது, சைரன் மட்டும் மேலயே இருக்கு, ஒரு காக்கா கூடு கட்டியிருக்கு. இரும்புப் படிய எண்ணுனேன். நாப்பத்தியெட்டுதான். என்ன பெரிசு, சைன்டிஸ்ட் மாதிரி அண்ணாந்து பாக்கீருன்னு ஒரு பூக்காரம்மா கேட்டா. எங்க அக்கா ஆபீசும்மான்னேன். கிறுக்கன்னு நெனச்சிருப்பா.

பாத்துக்கிட்டே இருந்தேன். கழுத்து வலி.

23 நவம்பர், ஞாயிறு

கேக்காமலே இருந்திருக்கலாம். கேட்டுட்டேன்.

ரூலு நாப்பது செகண்டுன்னு சொன்னீரே மச்சான், அஞ்சு மணிச் சங்கு மட்டும் ஏன் அம்புட்டு நீளம்னு கேட்டேன். எனக்கு அப்ப இருந்தே அது கிண்டலு. வாரம் ஒரு தடவையாவது அக்கா வீட்டுக்குப் போயி, ஒன் புருசன் காலையில ஊதுதது சங்கா எருமையான்னு கேப்பேன். கைப்பிடி மேலயே தூங்குதாரான்னு கேப்பேன். அவ டீய ஆத்திக்கிட்டே சிரிப்பா. நல்லாச் சிரிப்பா. புருசனத்தான கிண்டல் பண்ணுதான்னு சிரிக்கான்னு நெனச்சேன்.

மச்சான் என்னய நேராப் பாத்துச் சொன்னாரு.

"ஒனக்கு மொத பஸ்ஸு அஞ்சு இருவதுக்கு. நீ எந்திரிக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். மேல இருந்து பாத்தா ஒன் வீட்டுச் சன்னல் தெரியும். ஒன் வெளக்கு எரியுத வரைக்கும் கையெடுக்க மாட்டா."

அவரு மேல சொன்னதெல்லாம் அர கொறையாத்தான் காதுல விழுந்துச்சு. ரெண்டு தடவ மெமோ வந்துச்சாம், சங்கு நீளமா ஊதுதுன்னு. மச்சான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாராம். கொறச்சுக்கோட்டின்னு சொன்னாராம். அவன் பஸ்ஸ விட்டுட்டா யாரு பதில் சொல்லுததுன்னாளாம்.

நான் லைட்டப் போட்டா சங்கு நிக்கும்னு டீக்கடையில சொல்லிச் சிரிச்சேனே. மொத பக்கத்துல எழுதியும் வச்சிருக்கேன் பாருங்க. அது நெசம் தாயி. நெசமாவே நெசம். ஒரு ஊரே காதப் பொத்திக்கிட்டு நின்னுச்சு, நான் ஒருத்தன் எந்திரிக்கணும்னு. சில நாளு குளிருக்கு வேணும்னே லைட்டப் போடாமக் கெடந்திருக்கேன்.

இந்தப் பக்கத்துல மை கலைஞ்சிருந்தா அது டீ சிந்துனது.

24 நவம்பர், திங்கள்

உங்ககிட்டப் பூரா சொன்னேன். நீங்க பேனாவ மூடி வச்சிட்டிய. எழுதலையா தாயின்னு கேட்டேன், இல்ல ஐயான்னிய. பெறவு மச்சான்கிட்டப் போயி, அம்மா இல்லாம காலையில எப்பிடி இருக்குன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிய. இருவது நாளா அந்தக் கேள்வி எனக்குத் தோணல.

ரிட்டயர் ஆன மறுநாள்ல இருந்து அக்கா அவரு காதுகிட்ட வந்து வாயாலயே ஊதுவாளாம். மெல்லமா, ஊஊன்னு, ஏத்தி எறக்கி. இருவத்தியோரு வருசம் அதுக்குத்தான் எந்திரிச்சாராம்.

"இன்னும் ஊதல"ன்னாரு.

அம்புட்டுதான். இதுக்குத்தான் மூணு மாசமாப் படுத்துக் கெடக்காரு. சங்கு ஊதாம ஊருல யாரு எந்திரிப்பா.

நீங்க பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டிய. வாசல்ல வச்சு என் கையப் பிடிச்சிய. உங்க கை ரொம்பச் சின்னக் கையி.

25 நவம்பர், செவ்வாய்

காலையில அஞ்சு மணிக்கு மச்சான் சன்னலுக்கு வெளிய தெருவுல நின்னு ஊதுனேன். வாயால. காதுகிட்டப் போயி ஊத நான் என்ன அவரு பொண்டாட்டியா? இருவது செகண்டுல மூச்சு நின்னு இருமல் வந்துட்டு. எதுத்த வீடு, பக்கத்து வீடு, மூணாவது வீடு, எல்லாம் லைட்டு எரிஞ்சுது. ரெண்டு நாயி எனக்குப் பின்பாட்டுப் பாடுச்சு. எதுத்த வீட்டு ராசாத்தி வெளிய வந்து, பேயி பிடிச்சிட்டா மாமான்னு கேட்டா. மச்சான் சன்னல் மட்டும் இருட்டு.

உள்ள இருந்து கொரல் வந்துச்சு. "இதுதான் எருமை."

கிண்டல் பண்ணிட்டாரு தாயி. என்னய!

27 நவம்பர், வியாழன்

முப்பது செகண்டு. ராசாத்திகிட்ட விசயத்தச் சொல்லிட்டேன். பூராவும் சொல்லல, கொஞ்சந்தான். அவ பெறந்ததுல இருந்து அந்தச் சங்குக்கு எந்திரிச்சவ. ஊதுங்க மாமா, நாங்க பொறுத்துக்கிடுதோம்னா.

பஸ்டாண்டுல ஒரு வித்த உண்டு. நீளமாக் கத்தும்போது எடையில ஒரு திருட்டு மூச்சு எடுக்கணும், கேக்கவன் காதுக்குத் தெரியாம. அத மத்தியானம் பூரா பழகுனேன். நெஞ்சு வலிச்சா நிப்பாட்டிரணும்னு வச்சிருக்கேன்.

29 நவம்பர், சனி

நாப்பது செகண்டு. ரூலு பிரகாரம். லைட்டு எரியல. கட்டில் கிரீச்சுன்னு ஒரு சத்தம். அம்புட்டுதான். போயிப் பாத்தேன், காலத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாரு. சுவிச்சு வாசல் நெலைகிட்ட இருக்கு, கட்டில்ல இருந்து ஆறு எட்டு நடக்கணும்.

"பத்தல வெள்ள. அவ இன்னும் இழுப்பா."

நாளைக்கு அமுதவல்லி வாரா. பத்து மணி ரயிலு.

30 நவம்பர், ஞாயிறு

அடியில இருந்து ஏத்துனேன், அவரு சொன்ன மாதிரி, வயித்துல இருந்து. பத்து. இருவது. மூச்சத் திருடுனேன். முப்பது. தெருவுல எல்லாரும் சன்னல்ல நிக்கது ஓரக்கண்ணுல தெரியுது. நாப்பது. கண்ணு இருட்டிட்டு. அக்கா கைய எடுத்திருப்பாளான்னு நெனச்சேன். எடுத்திருக்க மாட்டா. மெமோ வந்தும் எடுக்காதவ. நான் எத்தன குளிரு அவள அங்க நிக்க வச்சேனோ, அம்புட்டு நேரமும் எனக்கு முன்னால வந்து நின்னுச்சு. ஒரு நா என் ஒத்த வெளக்கப் பாத்துக்கிட்டு, அந்த இரும்புப் படி மேல, மழையில நின்னிருப்பா. அம்பது. அறுவது. இன்னும் இருட்டு. இன்னொரு மூச்சத் திருடுனேன், அது பாதிதான் கெடச்சுது.

எரிஞ்சுது.

மஞ்ச வெளக்கு. சன்னல் பூரா. சுவிச்சு மேல வச்ச கையி கம்பி வழியாத் தெரிஞ்சுது.

சத்தத்த எறக்குனேன். ஒடனே நிப்பாட்டல, எறக்கி எறக்கி, ரூலு பிரகாரம். அந்த இருட்டுல ஒரு வெளக்க நான் பத்த வச்சேன் தாயி. அக்கா எதுக்கு வேற ஒண்ணும் கேக்காம இதக் கேட்டான்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அப்பிடியே தெருவுல உக்காந்துட்டேன். ராசாத்தி வந்து தூக்கிவிட்டா.

இப்ப மணி ஒம்பது அடிச்சு ஒரு நிமிசம். சூட்டோட எழுதுதேன்.

மச்சானக் குளிப்பாட்டி விட்டு, வெள்ள வேட்டி கட்டி, வாசல்ல நாக்காலி போட்டு உக்கார வச்சேன். கம்பையும் பக்கத்துல சாச்சு வச்சேன். அமுதவல்லி வாரதுக்குள்ள அவளுக்கு என்ன சொல்லணும்னு மச்சான்கிட்ட ஒத்திகை பாத்தேன். கொஞ்சம் நல்லாச் சொல்லணும்ல. அதனால இப்பிடி ஆரம்பிச்சேன்: ஊதுதது எங்க அக்காதான்னு எனக்கு எழுவத்தொம்பதுலயே தெரியும் மச்சான், மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன், கூடப் பொறந்தவனுக்குத் தெரியாதா அக்கா ஊதுத சத்தம், தெரிஞ்சுதான் வேணும்னே லைட்டப் போடாம அவகூட வெளையாடுவேன், அவளும் அது தெரிஞ்சுதான்...

மச்சான் என்னயப் பாத்தாரு. தப்பத் திருத்துவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். திருத்தல. சுவத்துக் கடியாரத்தப் பாத்தாரு. எந்திரிச்சாரு.

எங்க போறீருன்னு கேட்டேன்.

"ஒம்பது என்னோடது"ன்னாரு. "சங்குக்குக் கீழ நின்னு பாத்துட்டு வாரேன்."

கம்ப எடுக்கல. கேட்டத் தெறந்து எறங்கிட்டாரு. மெல்லத்தான் போறாரு, சுவரத் தொட்டுத் தொட்டு. ராசாத்தி பின்னாலயே போறா, ஒரு பத்தடி விட்டு. நான் கூப்புட்டா அவருக்குக் கேக்கும், மதுர வரைக்கும் கேட்ட கொரலுதான். கூப்புடல. தெரு முனைக்குப் போயிட்டாரு. முனிசிபாலிட்டிப் பக்கம் திரும்புதாரு.

மச்சான், கதைய நான் இன்னும் முடிக்கல. அக்கா கதைய அமுதவல்லிக்கு நீரே வந்து சொல்லும்.